எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஆனால் கழுத்து வலிக்கிறதே!

(சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றில் அரசு மருத்துவமனை எலும்பியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கையில் இருக்கிற செல்போனை ஒரு நிமிஷம் மடியில் வைங்க. நேரா நிமிர்ந்து உட்காருங்க. இப்போ தலையை மெதுவா வலது பக்கம் திருப்புங்க. அப்புறம் இடது பக்கம். வலிக்காம திரும்புச்சா? நல்லது. இந்தச் சின்ன அசைவு எவ்வளவு பெரிய வசதி என்பது அது முடியாமல் போகும்போதுதான் தெரியும். வண்டியை ரிவர்ஸ் எடுக்க, ரோட்டைக் கடக்க, பின்னாலிருந்து கூப்பிடும் பிள்ளையைத் திரும்பிப் பார்க்க, எல்லாவற்றுக்கும் கழுத்து வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பெண் என்னிடம் வந்தார். தையல் வேலை செய்பவர். ஷேர் ஆட்டோவில் வேலைக்குப் போயிருக்கிறார். சிக்னலில் ஆட்டோ நின்றபோது பின்னால் வந்த வேன் இடித்துவிட்டது. பெரிய விபத்து இல்லை. ஆட்டோவின் பின்பக்கம் கொஞ்சம் நசுங்கியது, யாருக்கும் ரத்தக் காயம் இல்லை. வேன்காரர் இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டு, கையில் ஐந்நூறு ரூபாய் கொடுத்திருக்கிறார். "ஒண்ணும் ஆகலையே, போங்கம்மா" என்று கூட்டமும் கலைந்துவிட்டது. அவரும் வேலைக்குப் போய் சாயங்காலம் வரைக்கும் மிஷின் மிதித்திருக்கிறார்.

மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு நன்றாக இருந்தது. அன்று புற நோயாளிகள் பிரிவில் நல்ல கூட்டம். வலி மாத்திரை எழுதிக் கொடுத்தேன், ஒரு காலரை மாட்டிவிட்டேன், "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து அதே காலரோடு வந்து நின்றார். ராத்திரி தூங்கும்போதுகூட அதைக் கழற்றவில்லையாம். கழற்றிப் பார்த்தால் கழுத்துத் தசைகள் மெலிந்திருந்தன. இரண்டு பக்கமும் தலையைத் திருப்ப முடியவில்லை. குனிந்து தைக்க முடியாததால் வேலை போய்விட்டது. வீட்டில் நடிப்பு என்கிறார்கள். அவர் என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "ஒண்ணும் இல்லைன்னு நீங்கதானே சார் சொன்னீங்க. அதையேதான் வீட்டுலயும் சொல்றாங்க."

அந்த வார்த்தைக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அன்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

சாட்டையடி மாதிரி ஒரு காயம்

இந்தக் காயத்துக்கு மருத்துவத்தில் 'விப்லாஷ்' என்று பெயர். சாட்டையைச் சொடுக்கினால் அதன் நுனி எப்படி வெட்டி இழுக்குமோ, அப்படித் தலை வெட்டி இழுக்கப்படுவதால் வந்த பெயர். 1928-ல் ஹெரால்டு குரோ என்ற அமெரிக்க எலும்பியல் மருத்துவர் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். நம்ம வழக்கில் கழுத்துச் சுளுக்கு என்று சொல்லலாம். ஆனால் தலையணை சரியில்லாமல் வரும் சுளுக்குக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு.

உங்கள் தலையின் எடை ஏறத்தாழ ஐந்து கிலோ. ஐந்து கிலோ அரிசிப் பையை ஒரு மெல்லிய தூண் மேல் நிறுத்தி வைத்தது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூணில் ஏழு முள்ளெலும்புகள். அவற்றுக்கு இடையில் டிஸ்க் என்கிற வட்டுகள். பின்பக்கம் சின்னச் சின்ன மூட்டுகள். இவற்றையெல்லாம் கட்டி வைத்திருக்கும் தசைநார்கள், தசைகள். நடுவில் தண்டுவடம்.

பின்னாலிருந்து வண்டி இடிக்கும்போது என்ன நடக்கிறது? சீட்டு உங்கள் முதுகை முன்னால் தள்ளுகிறது. உடம்பு முன்னால் போய்விடுகிறது. தலை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. பஸ் திடீரென்று கிளம்பினால் நின்றுகொண்டிருப்பவர் பின்னால் சாய்வார் இல்லையா, அதே கணக்குதான். அந்த நேரத்தில் கழுத்தின் கீழ்ப்பகுதி பின்பக்கமாகவும் மேல்பகுதி முன்பக்கமாகவும் வளைந்து, கழுத்து பாம்பு போல நெளிகிறது. பிறகு தலை பின்னால் போய், அங்கிருந்து முன்னால் வீசப்படுகிறது. எல்லாம் அரை நொடிக்குள் முடிந்துவிடும். அந்தப் பாம்பு நெளிவு சுமார் பத்தில் ஒரு பங்கு நொடியில் வந்துவிடுகிறது. ஆபத்து என்று மூளை உணர்ந்து தசையை இறுக்குவதற்குள் காயம் பட்டு முடிந்திருக்கும்.

அடிபடுவது பெரும்பாலும் தசை, தசைநார், பின்பக்கத்துச் சின்ன மூட்டுகள். எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், தசைநாரைக் காட்டாது. பல பேருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும் எதுவும் தெரியாது. அதனால் "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்றால் எலும்பு உடையவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். வலி பொய் என்று அர்த்தம் இல்லை. வீட்டில் இருப்பவர்களும் முதலாளிகளும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வலி தாமதமாக வரும்

விபத்து நடந்தவுடன் வலிக்காமல் இருக்கலாம். பதற்றத்தில் வலி தெரியாது. சில மணி நேரம் கழித்தோ, மறுநாள் காலையிலோதான் கழுத்து விறைக்கும். கழுத்து வலியோடு பிடரியில் தொடங்கும் தலைவலி, தோள்பட்டை வலி, தலைசுற்றல், காதில் இரைச்சல், தாடை வலி, தூக்கமின்மை, வேலையில் கவனம் நிற்காமை, எரிச்சல் இவையும் வரலாம். இதெல்லாம் இருக்கிறது என்றால் உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. இவை இந்தக் காயத்தின் அறிகுறிகள்.

1995-ல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒரு நிபுணர் குழு இந்தக் காயத்தைத் தரம் பிரித்தது. வலியும் விறைப்பும் மட்டும் இருந்தால் முதல் நிலை. கழுத்து அசைவு குறைந்து, தொட்டால் வலித்தால் இரண்டாம் நிலை. கை மரத்துப் போவது, பலம் குறைவது போன்ற நரம்புக் கோளாறு இருந்தால் மூன்றாம் நிலை. எலும்பு முறிவோ மூட்டு நழுவலோ இருந்தால் நான்காம் நிலை. முதல் இரண்டு நிலையில்தான் பெரும்பாலானவர்கள் இருப்பார்கள். அவர்களில் நிறையப் பேருக்குச் சில வாரங்களில், அல்லது இரண்டு மூன்று மாதங்களில் குணமாகிவிடும். சிலருக்கு மட்டும் வலி நீடிக்கும்.

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகள்

இதை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கையோ காலோ மரத்துப் போகிறது, பலம் இல்லை, நடை தடுமாறுகிறது.
கழுத்தை அசைத்தால் முதுகிலோ கையிலோ கரண்ட் அடித்த மாதிரி இருக்கிறது.
சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போகிறது அல்லது சிறுநீர் வரவே இல்லை.
நடுக் கழுத்து எலும்பின் மேல் கடுமையான வலி.
நினைவு தவறியது, குழப்பமாகப் பேசுகிறார், திரும்பத் திரும்ப வாந்தி.
பேச்சு குழறுகிறது, பார்வை இரண்டாகத் தெரிகிறது, விழுங்க முடியவில்லை.

இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். 65 வயது தாண்டியவர்கள், வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டவர்கள், படிக்கட்டிலோ உயரத்திலோ விழுந்தவர்கள், வண்டி உருண்டதில் சிக்கியவர்கள், வலி குறைவாக இருந்தாலும் காட்டிவிட வேண்டும். யாருக்கு எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் தேவை என்று முடிவு செய்ய மருத்துவர்களிடம் வழிமுறை இருக்கிறது. நீங்களே கழுத்தைத் திருப்பிப் பார்த்துப் பரிசோதிக்க வேண்டாம்.

ரோட்டில் நிற்பவர் செய்ய வேண்டியது

நம் ஊர் மக்களுக்கு இரக்கம் அதிகம். அடிபட்டவரைப் பார்த்ததும் நாலு பேர் சேர்ந்து தூக்கி, மடக்கி, ஆட்டோவில் ஏற்றிவிடுவார்கள். கழுத்து எலும்பு உடைந்திருந்தால் அந்தத் தூக்கலிலேயே தண்டுவடம் போய்விடலாம். தீப்பிடிக்கும் நிலை, மேலும் வண்டிகள் மோதும் நிலை இருந்தால் தவிர, அவரை நகர்த்தாதீர்கள். 108-க்குப் போன் செய்துவிட்டு, அவர் தலைப்பக்கம் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் தலை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். "தலையை ஆட்டாதீங்க, ஆம்புலன்ஸ் வருது" என்று பேசிக்கொண்டே இருங்கள். தண்ணீர், சோடா எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம். மூச்சு விட முடிகிறது என்றால் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்ற வேண்டாம், பயிற்சி பெற்றவர்கள் வந்து கழற்றட்டும்.

"உதவி செஞ்சா போலீஸ், கோர்ட்டுன்னு அலைய விடுவாங்க" என்ற பயம் இனி தேவையில்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவர் மேல் வழக்குப் போட முடியாது என்று பாதுகாப்பு தருகிறது. உங்கள் பெயர், முகவரியைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. அரசு மருத்துவமனைகளோடு, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் உண்டு. அடிபட்டவர் எந்த மாநிலத்தவர், காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பதில்லை. அதனால் காசு இல்லையே என்று தயங்கி நேரத்தை விடாதீர்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

மருத்துவர் பார்த்து, எலும்பும் நரம்பும் நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகு செய்ய வேண்டியவை இவை.

முதல் இரண்டு நாள், துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 15 நிமிடம் வரை ஒத்தடம் கொடுக்கலாம். ஐஸை நேராகத் தோலில் வைக்க வேண்டாம். பிறகு வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாளுக்கு மட்டும் சாப்பிடுங்கள். கடைக்காரர் கொடுக்கும் கலர் கலர் மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். தசை தளர மாத்திரை கொடுத்திருந்தால் தூக்கம் வரலாம், அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள்.

மிக முக்கியமானது அசைவு. முன்பெல்லாம் காலர் மாட்டி, அசையாமல் படுங்கள் என்போம். நானும் அப்படித்தான் சொன்னேன். அது தவறு என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. எலும்பு முறிவு இல்லாத கழுத்துக்கு நீண்ட நாள் காலர் போட்டால் தசை மெலிந்து, விறைப்பு கூடும். வலி பொறுக்கும் அளவுக்குச் சீக்கிரம் அசைக்கத் தொடங்குவதுதான் நல்லது. உட்கார்ந்துகொண்டு மெதுவாக வலது, இடது திருப்புங்கள். காதைத் தோள் பக்கம் சாயுங்கள். முகவாயை உள்பக்கம் இழுத்துச் சில நொடி வைத்து விடுங்கள். ஒவ்வொன்றும் ஐந்து முதல் பத்து முறை, நாளைக்கு நாலைந்து தடவை. லேசான இழுப்பு இருக்கலாம். சுருக்கென்று வலித்தாலோ, கைக்கு வலி இறங்கினாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் இயன்முறை மருத்துவரை, அதாவது பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் அந்தப் பிரிவு எங்கே என்று கேட்டால் சொல்வார்கள். நீங்கள் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

ஒரே தலையணை போதும். குப்புறப் படுக்காதீர்கள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசாதீர்கள். மடியில் வைத்துக் குனிந்து பார்க்காமல் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். தலை முன்னால் குனியக் குனியக் கழுத்தின் மேல் விழும் சுமை கூடும். கழுத்தை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்ப முடிகிறவரை பைக், கார் ஓட்ட வேண்டாம்.

இன்னொன்று. சலூனில் முடி வெட்டி முடித்ததும் "கழுத்தைச் சொடுக்கு எடுத்துவிடட்டுமா?" என்று கேட்பார்கள். படக்கென்று ஒரு திருப்பு, 'டக்' என்று சத்தம், ஆஹா என்று இருக்கும். கழுத்து எலும்புகளுக்குள் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் ஓடுகின்றன. வேகமாகத் திருப்பும்போது அவற்றின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். விபத்தில் அடிபட்ட கழுத்தை அப்படி யாரிடமும் கொடுக்காதீர்கள். எண்ணெய் தடவி இழுத்து விடுகிறேன் என்பவரிடமும் வேண்டாம்.

பேசி முடித்துவிடாதீர்கள்

இப்போது அந்தத் தையல்காரப் பெண்ணுக்கு வருவோம். ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வேனின் நம்பர் தெரியாது. காவல் நிலையத்தில் தகவல் இல்லை. இரண்டு மாதச் சம்பளம் போனதற்கு அவரால் யாரிடமும் இழப்பீடு கேட்க முடியவில்லை.

வண்டி இடித்தால், சின்ன இடியாக இருந்தாலும், இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். உங்கள் கையில் செல்போன் இருக்கிறது. இரண்டு வண்டிகளின் நம்பர் தெரியும்படி படம் எடுங்கள். இடித்த இடம், நசுங்கிய பகுதி, சாலை, எல்லாவற்றையும் எடுங்கள். பார்த்தவர் ஒருவரின் போன் நம்பரை வாங்குங்கள். அன்றே, முடியாவிட்டால் வலி வந்த அன்றே மருத்துவமனைக்குப் போய், விபத்தில் அடிபட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள். "கழுத்து வலி" என்று மட்டும் சொன்னால் சீட்டில் அவ்வளவுதான் எழுதுவார்கள். விபத்து என்று சொன்னால்தான் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர்.-ல் பதிவாகும். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீதையோ எப்.ஐ.ஆர். நகலையோ வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவச் சீட்டு, மாத்திரை பில், வேலைக்குப் போகாத நாட்களுக்கான ஆதாரம் எல்லாவற்றையும் படம் எடுத்து ஒரே ஆல்பத்தில் போடுங்கள்.

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட, சட்டத்தின் 166-ஆம் பிரிவு விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம் என்று காலக்கெடு வைத்திருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. வலி போகிறதா பார்ப்போம் என்று தள்ளிப்போட்டு இந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அது தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண். உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் நேரில் கேட்கலாம்.

வராமல் தடுக்க

கார் வைத்திருப்பவர்கள் இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். சீட்டின் தலைப்பக்கம் இருக்கிற ஹெட்ரெஸ்ட் சாய்ந்து தூங்குவதற்காக வைத்தது இல்லை. தலை பின்னால் வெட்டிப் போகாமல் தாங்குவதற்கு. நிறையப் பேர் வாங்கியபோது இருந்தபடியே, அடிமட்டத்தில் விட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் அது கழுத்துக்கு முட்டுக்கட்டையாகி, தலை அதன் மேல் மடங்கும். மேல்விளிம்பு உங்கள் உச்சந்தலை உயரத்துக்கு வரும்படி தூக்கி வைங்க. தலைக்கும் அதற்கும் நடுவில் மூன்று நான்கு விரல் இடைவெளிக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு நிமிஷ வேலை, காசு செலவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்தாலும் பெல்ட் போடுங்கள்.

பைக்கில் போகிறவர்களில் சிலர், "ஹெல்மெட் போட்டா கழுத்து வலிக்குது டாக்டர்" என்கிறார்கள். அளவு சரியில்லாத ஹெல்மெட் வலிக்கத்தான் செய்யும், அளவை மாற்றுங்கள். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2008-ல் வெளியான காக்ரேன் அறிக்கையின்படி, ஹெல்மெட் தலைக்காயத்தை 69 சதவீதமும் மரணத்தை 42 சதவீதமும் குறைக்கிறது. அது கழுத்துக் காயத்தைக் கூட்டுகிறது என்று நிரூபணம் ஆகவில்லை.

முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுங்கள். அதற்கு முன்னால் நீங்கள் அந்தக் கம்பத்தை அடைந்தால் நெருக்கமாகப் போகிறீர்கள் என்று அர்த்தம். மழை பெய்தால் இன்னும் தள்ளிப் போங்கள். சிக்னலில் நிற்கும் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருப்பவரின் கழுத்து, பின்னால் வருகிற உங்கள் பிரேக்கில்தான் இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்குக் காலரைக் கழற்றி, பிசியோதெரபிக்கு அனுப்பினோம். அவர் கணவரையும் ஒரு நாள் வரச் சொல்லி, எக்ஸ்ரேயில் எது தெரியும், எது தெரியாது என்று உட்கார வைத்து விளக்கினேன். அதற்கப்புறம் பயிற்சிக்கு அவரே கூட்டிக்கொண்டு வந்தார். நாலு மாதம் ஆனது. முதலில் அரை நாள், பிறகு முழு நாள் என்று மறுபடி தைக்க உட்கார்ந்தார். இன்னமும் மழைக்காலத்தில் கொஞ்சம் பிடிக்கிறது என்கிறார்.

இப்போதெல்லாம் நான் "ஒண்ணும் இல்ல" என்று சொல்வதில்லை. "எலும்பு நல்லா இருக்கு. சதையில அடிபட்டிருக்கு, வலி உண்மைதான், ஆறிடும், ஆற வைக்க நீங்க இதைச் செய்யணும்" என்று சொல்கிறேன். ஒரு நிமிஷம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் யாராவது கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அந்த ஒரு நிமிஷத்தை நீங்களும் அவர்களுக்குக் கொடுங்கள்.

பத்திரமா வீடு போய்ச் சேருங்க.